யார் முறுக்கிய போல்ட்?

பைக் இஞ்சினின் அடியில் ஆயில் போல்ட் பாதியில் முறிந்து உள்ளே சிக்கியிருந்தது. பைக்குக்கும் கடைக் கட்டடத்துக்கும் சொந்தக்காரரான பொன்னுலிங்கம், காலையிலிருந்து மெக்கானிக் சகாயமேரியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் ஆயில் மாத்துனப்ப நீ முறுக்குனதுதான் முறிஞ்சிருக்கு. டிரில் படாம, சூடு காட்டாம எடு. இல்லன்னா கடையைக் காலி பண்ணு!"

துளை போடாமல் வராது என்று எத்தனை தடவைதான் சொல்வது? சகாயமேரி குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏதோ நோஞ்சான் கை முறுக்குன மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி. விரலால சுத்துனாலே வந்துரும்."

"யாருட்டி நோஞ்சான்? நேத்து ஸ்பேனர்ல நாலடிப் பைப்பைச் சொருகி, நானே ஏறி மிதிச்சேம்லா!"

எதிர் டீக்கடையே சிரித்தது. சகாயமேரி டிரில்லைக் கையில் எடுத்தாள்.

"அப்ப மிதிச்சவரு நாலடி தள்ளி நில்லுங்க. துளை போடணும்."