கடகடவா, லொடலொடவா

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும் தம்பி. இல்லேன்னா வண்டி என் கைய விட்டுப் போயிரும்."

தமயந்தி வந்து நின்றது திண்டுக்கல் பழனி ரோட்டில், அமலதாஸ் பட்டறை முன்னால். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயசு. அவனுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட.

அவன் பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"கம்பெனி சர்வீசுக்குப் போனீங்களாக்கா?"

"போனேன். போன மாசம் பதினெட்டாயிரத்துக்கு என்னத்தையோ மாத்தினாங்க. சத்தம் மாறல. இப்ப முன்பக்கம் மொத்தத்தையும் கழட்டி மாத்தணுமாம். எழுபத்தோராயிரம்ங்கிறாங்க."

"அப்புறம்?"

"என் மகன் ஓசூர்ல இருக்கான். 'அந்தக் காசுக்கு இந்தக் கிழட்டு வண்டியே போகாதும்மா, ஞாயித்துக்கிழமை வாங்குறவரையே வரச் சொல்லிட்டேன்'ங்கிறான். சத்தம் நின்னா வண்டி எனக்கு. நிக்கலேன்னா குடுத்துர்றதுன்னு பேச்சு."

அமலதாஸ் வண்டியைப் பார்த்தான். சின்ன வெள்ளைக் கார். இருபத்தொரு வருசத்து வண்டி. துடைத்துத் துடைத்தே பெயிண்ட் மெலிந்திருந்தது.

"நான் ரிப்பேர் பண்ண மாட்டேன்," என்றான்.

"பின்ன இந்த போர்டு எதுக்கு மாட்டியிருக்க?"

"அதுல என் பேர்தான் இருக்கு. பண்ணுவேன்னு எங்க எழுதியிருக்கு?"

தமயந்தி திரும்பிப் போய்விடத்தான் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்து நின்றாள்.

"சரி. எனக்குச் சொல்லியாவது குடு. நானே பண்ணிக்கிறேன். இன்னொருக்கா அந்தக் கம்பெனிக்காரங்க கண்ணாடி ரூம்ல போய் முழிச்சுக்கிட்டு நிக்க என்னால ஆகாது."

"இதை மொதல்லயே கேட்டிருக்கலாம்ல," என்றான் அவன்.

அன்றைக்குப் புதன்கிழமை.

*

"சத்தத்துக்குப் பேர் என்ன?"

"சத்தத்துக்குப் பேரா? சத்தம்தான்."

"நான் டீ உறிஞ்சுறதும் சத்தம்தான். இடி இடிக்கிறதும் சத்தம்தான். ரெண்டுக்கும் ஒரே குடையா பிடிப்பீங்க?"

"முன்னாடி என்னவோ ஆடுது தம்பி."

"ஆடுறதை நான் கேக்கல. பேரைக் கேட்டேன். போய்க் கேட்டுட்டு வாங்க."

மறுநாள் வந்தாள்.

"கடகடங்குது."

"கடகடன்னா மாட்டு வண்டி. போய்ட்டு வாங்க."

தமயந்திக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "தம்பி, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருசம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவ. ஒரு ஹலோவை வச்சே ஆளு யாரு, வீட்ல சண்டையா சமாதானமான்னு சொல்லிருவேன். எனக்கே காது இல்லேங்கிறியா?"

"அவ்வளவு நல்ல காதை வண்டியில ஏறும்போது மட்டும் ஏங்க்கா வீட்ல வச்சுட்டு வர்றீங்க?"

அவள் வண்டியை எடுத்தாள்.

ஆனாலும் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது பாருங்கள். அவள் வண்டி ஓட்டும்போது ஒருநாளும் வண்டியைக் கேட்டதில்லை. வண்டியில் வேறொரு பேச்சைக் கேட்டுக்கொண்டே போவாள். அது மூன்று வருசத்துக்கு முன்னால் நின்றுபோன பேச்சு.

வெள்ளிக்கிழமை ரேடியோவை நிறுத்தினாள். ஏசியை நிறுத்தினாள். நாலு கண்ணாடியையும் இறக்கினாள். சிறுமலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். மனசுக்குள் பேசுகிறவரைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொன்னாள்.

பட்டறைக்கு வந்து இறங்கி, வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னாள்.

"லொடலொட."

அமலதாஸ் டீ கிளாசைக் கீழே வைத்தான். மூன்று நாளில் அன்றைக்குத்தான் எழுந்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடகடவா, லொடலொடவா?"

"லொடலொடதான். சத்தியமா."

"லொடலொடன்னு எது பேசும்?"

"டப்பா."

"என்ன டப்பா?"

"காலி டப்பா."

அவன் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுக்கவில்லை. சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்கக்கா."

அவள் நகரவில்லை.

"அதுல யாரும் உக்காருறதில்ல தம்பி. அக்கம்பக்கத்துல யாரையாவது ஏத்துனாலும் பின்னாடிதான். என் மகன் வந்து ஓட்டினாக்கூட நான் பின்னாடிதான்."

"ஏன்?"

"அது என் சீட்டு."

"அதான் ஏறச் சொல்றேன்."

*

அமலதாஸ் ஓட்டினான். தமயந்தி உட்கார்ந்தாள்.

பதினெட்டு வருசம் உட்கார்ந்த சீட்டு. முதுகு வைத்ததும் அதற்குத் தெரிந்துவிட்டது இது யாரென்று. எங்கே பள்ளமோ அங்கே அவள் போய் அமர்ந்தாள்.

அந்தப் பக்கத்துக் கால்மிதியில் ஓர் இடம் மட்டும் நூல்நூலாகத் தேய்ந்திருந்தது. அவன் அதைக் கண்ணால் காட்டினான்.

"இது என்னக்கா?"

"அதுவா," என்றாள். வெட்கமாகிவிட்டது. "அவரு பிரேக் போடுறதுக்கு முந்தி நான் போட்டுருவேன்."

அவள் வீட்டுக்காரர் கருணாகரன் மின்வாரிய ஆபீசில் வேலை பார்த்தவர். வலதுபக்கம் என்ன வருகிறது என்று அவர் பார்ப்பார். இடதுபக்கம் அவள் கண். "லெப்ட்ல என்ன?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல, ஒரு ஆடு," என்பாள். "ஆடு ஒண்ணுமில்லையா?" என்பார். அவள் சொல்லாமல் அந்த வண்டி ஒரு முக்குத் திரும்பினதில்லை.

வேர்க்கடலை உரிப்பதும் அவள் வேலை. உரித்து, தோலை ஊதி, அவருடைய இடதுகை உள்ளங்கையில் போடுவாள். கியர் மாற்றுகிற நேரம் பார்த்துப் போட்டுவிட்டால், கடலை காலுக்கடியில் உருளும். "போச்சு, ஒரு வேளைச் சாப்பாடு போச்சு," என்று அவர் அலறுவார். பின்சீட்டில் எட்டு வயசு மகன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சிரிப்பான். கொடைக்கானல் ரோட்டில் எத்தனை வளைவு என்று அவனுக்குத் தெரியாது. எத்தனை எலுமிச்சம்பழம் என்று தெரியும்.

ஆயக்குடியில் நிறுத்திக் கொய்யா வாங்குவார்கள். பை நிறைய வாங்கி அவள் மடியில் வைத்துக்கொள்வாள். வீடு வரும்போது சேலையெல்லாம் அந்த வாசனை.

அவர் போன பிறகு ஐம்பத்தஞ்சு வயசில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். சொல்லிக் கொடுத்தவனே, "ஆன்ட்டி, உங்களுக்கு இது வேண்டாமே," என்றான். வேண்டும் என்றாள். வண்டி நின்றுபோகக் கூடாது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஒரு வேகத்தடை வந்தது. தமயந்தியின் கால் தானாகப் போய் அழுந்தியது.

"பிரேக் நல்லாப் பிடிக்குதாக்கா?" என்றான் அமலதாஸ்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்த்து மூக்கையும் உறிஞ்சிக்கொண்டாள். வெளியே திரும்பிக்கொண்டாள். இன்னொரு வேகத்தடை. அப்புறம் குண்டும் குழியுமாக ரயில்வே கேட்.

கேட்டைத் தாண்டின பிறகுதான் உறைத்தது.

"தம்பி!"

"ம்."

"சத்தம் வரல."

"அப்படியா?"

"தண்டவாளத்துல ஏறினப்பக்கூட வரல! இங்க வந்தா பல்லு ஆடுற மாதிரி ஆடுமே. நீ என்ன பண்ணின?"

"ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். வேற ஒண்ணும் பண்ணல."

வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினான். "நான் இங்கயே நிக்கிறேன். நீங்க தனியா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

அவள் வலதுபக்கம் மாறி உட்கார்ந்தாள். ஓட்டினாள்.

லொடலொட.

வந்துவிட்டது. அதே சத்தம்.

அவளுக்கு அழுகையே வந்தது. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது இந்தச் சனியன்? வேகத்தடையில் ஏறினாள். லொடலொட. அலுத்துப்போய், பக்கத்தில் ஆள் இருந்தால் தோளைப் பிடிப்போமே, அந்த மாதிரி இடதுகையை வீசி அந்தக் காலிச் சீட்டின் முதுகைப் பிடித்தாள்.

சத்தம் நின்றது.

கையை எடுத்தாள்.

லொடலொட.

வைத்தாள்.

ஒன்றுமில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்துக் கை சலித்துச் சுற்றிக்கொண்டு போனான்.

*

பட்டறையில் அமலதாஸ் ஒரு பதினாலாம் நம்பர் ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தான்.

"சீட்டுக்கு அடியில நாலு போல்ட்டு இருக்கும். பாருங்க."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். பின்னால் இரண்டும் கல்லு மாதிரி இருந்தன. முன்னால் இரண்டும் விரலாலேயே சுற்றின.

"எந்தப் பக்கம் திருப்பணும் தம்பி?"

"ஒரு பக்கம் திருப்பினா இறுகும். ஒரு பக்கம் திருப்பினா கழலும்."

"அதைத்தானே கேக்கிறேன்."

"அதைத்தான் போல்ட்டு சொல்லுமே."

ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டி தேய்ந்தது. அவன் பக்கத்தில் வரவில்லை. அவள் அவனைத் திட்டிக்கொண்டே திருப்பினாள். முதலாவது இறுகியது. இரண்டாவது இறுகும்போது திட்டு நின்றுவிட்டது.

"இது எப்ப கழண்டுச்சோ?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"எத்தனை வருசமோ. ஆள் இருக்கிற வரைக்கும் அது வாயைத் திறந்திருக்காது."

வெளியே வந்து உட்கார்ந்தாள். முட்டியில் கிரீஸ், விரலில் ரத்தம்.

"அந்த சர்வீஸ்காரங்களுக்கு ஏன் தெரியாமப் போச்சு?"

"அங்க யாரு ஓட்டிப் பாத்தா?"

"ஒரு பையன். தனியாத்தான் எடுத்துட்டுப் போனான். கஸ்டமர் கூட வரக் கூடாதாம். என்னை உக்கார வச்சுக் காப்பி குடுத்தாங்க."

"காப்பி எப்படி?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"எழுபத்தோராயிரம் ரூவாக் காப்பி நல்லா இல்லாம இருக்குமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"உனக்கு நான் என்ன தரணும்?"

"நான் எதையும் தொடலையேக்கா. என் டீதான் ஆறிப்போச்சு. அதுக்கு மட்டும் ஒண்ணு வாங்கிக் குடுங்க."

டீ வந்தது. குடித்தார்கள். கிளம்பும்போது தமயந்தி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை என் மகன் வருவான். சத்தம் இல்லேன்னு அவன் நம்பணுமே தம்பி."

"யாரு ஓட்டுவா?"

"அவன் வந்தா அவன்தான் ஓட்டுவான்."

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"அதான் சொன்னேனே. பின்னாடி."

அமலதாஸ் வேறொரு வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் சுதர்சன் வந்தான். தோள்பையை இறக்கின கையோடு கையை நீட்டினான்.

"சாவியைக் குடும்மா. வாங்குறவர் பத்து மணிக்கு வர்றார். அதுக்குள்ள ஒருக்கா ஓட்டிப் பாத்துர்றேன்."

தமயந்தி சாவியைக் கொடுக்கவில்லை. இடதுபக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

"ஏறு."

"இங்கயா?"

"இங்கதான்."

"இது உன் சீட்டும்மா."

"இருந்துச்சு. ஏறு."

அவன் ஏறினான். அம்மாவின் பள்ளத்தில் அவன் பெரிய உடம்பு சரியாகப் பொருந்தவில்லை. நெளிந்து நெளிந்து உட்கார்ந்தான்.

அவள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றினாள். கோட்டை ரோட்டைச் சுற்றினாள். அவனை ஓரிடத்தில் இறக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, அவன் காது கேட்க அந்த வேகத்தடையில் தனியாக ஏறி இறங்கிக் காட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

"என்னம்மா மாத்தினாங்க? எவ்வளவு ஆச்சு?"

அவள் முக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"லெப்ட்ல என்ன வருது பாரு," என்றாள்.

அவன் எட்டிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல. ஒரு சைக்கிள்."

"சைக்கிள் ஒண்ணுமில்லையா?"

சுதர்சன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடித்த கையைப் பார்த்தான். விரல்முட்டியில் காய்ந்த காயம், நகக்கண்ணில் கிரீஸ். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. வண்டி வாங்க வருகிறவர்.

"சார், நான் கிளம்பிட்டேன். வண்டி எங்க நிக்குது?"

"நிக்கலீங்க," என்றான் சுதர்சன். "எங்கம்மா ஓட்டிக்கிட்டிருக்காங்க."