திருட்டு முழி அணில்

ஊரெல்லாம் பிள்ளைகள் போனும் கையுமாகப் பூதம் பிடித்து விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டைத் தயாரிக்கிற கோயம்புத்தூர் கம்பெனிக்கு முதலாளி தாண்டவராயன். அவர் தும்மினால் மாடியில் ஏசி நின்றுவிடும். விளையாட்டின் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு புது அணில் பூதம் வந்தாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஏழாம் பாகத்து அணிலை, பயிற்சிக்கு வந்திருந்த இசக்கியின் தலையில் கட்டினார்.

“பழசு மாதிரியும் இருக்கணும், பழசு மாதிரி இருக்கவும் கூடாது. சொதப்பினா உன் ஊரு திருநெல்வேலிக்கு ரயிலேறு.”

அவள் வரைந்து கொண்டுவந்து நீட்டினாள். முதலாளி அரைக்கண்ணால் பார்த்தார்.

“அப்பட்டமான காப்பி! என் அணில் ஒவ்வொண்ணும் நான் பெத்த பிள்ளை மாதிரி. இருட்டுல நிறுத்தினாலும் அடையாளம் சொல்லுவேன். கிளம்பு!”

இசக்கி கிளம்பவில்லை. பழைய ஆறு அணில்களோடு தன்னுடையதையும் கலந்து பெரிய திரையில் வரிசையாக நிறுத்தினாள்.

“கிளம்பறேன் சார். இதுல என் அணில் எதுன்னு மட்டும் காட்டுங்க. என் கையாலேயே அழிச்சிட்டுப் போயிடறேன்.”

ஆபீஸே எழுந்து நின்றது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, கடைசியில் விரலை நீட்டினார்.

“இதோ! உப்பின கன்னமும் திருட்டு முழியும்! அழி இதை!”

“அழிச்சிடலாம் சார். ஆனா இது முதல் பாகத்து அணில். உங்க மூத்த பிள்ளை.”

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். முதலாளி திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“சரிம்மா, புதுசு நல்லாத்தான் வந்திருக்கு. உனக்கு வேலை உறுதி.”

அப்போது இசக்கி விட்ட பெருமூச்சில் மேசைமேலிருந்த காகிதமெல்லாம் பறந்துபோனது. குனிந்து பொறுக்கியவர் தாண்டவராயன்தான்.