முரசுக்கு முந்திய வைத்தியர்

கொன்றைநாட்டு ராஜாவுக்கு எல்லாம் உடனே நடந்தாக வேண்டும். இன்று மாங்கொட்டையைப் புதைத்தால் நாளைக்கே பழம் கேட்கிற ஆசாமி. நாட்டில் பாதி வைத்தியசாலைகள் பாழடைந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டதும், சபையிலேயே ஆலோசகர் செவ்வந்தியப்பரைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போது சரிசெய்வீர்?"

"ஆறு வருஷம் வேண்டும், மகாராஜா. முதலில் வைத்தியர்களைப் படிக்கவைத்து உருவாக்க வேண்டுமே."

"எனக்கு ஒரு மாதம் போதும்" என்றார் மந்திரி பூவணநாதர்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மந்திரி செய்துகாட்டினால், செவ்வந்தியப்பரே, நீர் மூட்டையைக் கட்டலாம்."

மாதம் முடிந்தது. முரசு முன்னே போக, பல்லக்கு கிளம்பியது. ஊருக்கு ஊர் வெள்ளையடித்த வைத்தியசாலை, வாசலில் தலைப்பாகை வைத்தியர், அடுப்பில் கஷாயம். கூடவே போன செவ்வந்தியப்பர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்: போச்சு, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்!

மூன்றாவது ஊரில்தான் கஷாயப் பானையைக் கவனித்தார். விளிம்பில் ஓர் உடைப்பு. முதல் ஊர்ப் பானையிலும் அதே இடத்தில் அதே உடைப்பு. வைத்தியரை உற்றுப் பார்த்தார். தலைப்பாகையின் நிறம்தான் வேறு, முகம் அதே முகம். அடப்பாவிகளா!

வாயைத் திறந்தால் பொறாமை என்பார்கள். அதனால், "இந்த ஊர்ப் பலாப்பழம் தேன், மகாராஜா" என்று மட்டும் சொன்னார். ராஜா ஒரு முழுப் பழத்தைக் காலி செய்தார்.

ஊரெல்லை தாண்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, வைத்தியரைக் கூப்பிடு!"

"இப்போதுதானே பார்த்தோம், திரும்பிவிடலாம்" என்றார் செவ்வந்தியப்பர்.

பூவணநாதருக்கு வியர்த்தது. "திரும்புவது நல்ல சகுனமில்லை. அடுத்த ஊரில்..."

"அடுத்த ஊர்வரை என் வயிறு தாங்காதய்யா!"

முரசில்லாமல் பல்லக்கு திரும்பியது. வைத்தியசாலை பூட்டிக் கிடந்தது. காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் போட்டபடி ஒருத்தி வாசலில் அழுதுகொண்டிருந்தாள்.

"வைத்தியர் எங்கேம்மா?" என்றார் ராஜா.

"பானையோட வண்டியேறிப் போயிட்டாருங்க. முரசுக்கு முன்னாடி அடுத்த ஊர் போய்ச் சேரணுமாம்."

ராஜாவின் முகம் சிவந்தது. வண்டியை மறித்து வைத்தியரைக் கொண்டுவரக் குதிரைகள் பறந்தன. பூவணநாதர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"மந்திரியைக் கோபிக்காதீர்கள்" என்றார் செவ்வந்தியப்பர். "நீங்கள் வரும் நாள் பார்த்துக் காய்ச்சலில் படுக்க இந்த ஜனங்களுக்குத்தான் தெரியவில்லை."

வைத்தியர் வந்தார். "முதலில் குழந்தையைப் பாரும்" என்றார் ராஜா. செவ்வந்தியப்பர் தம் மடியிலிருந்து சுக்குப்பொடியை எடுத்து ராஜாவிடம் நீட்டினார்.

"இது எங்கே கிடைத்தது?"

"பலாப்பழம் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிட்டேன், மகாராஜா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். "ஆறு வருஷமும் உமக்குத்தான். மந்திரி உம்மிடம் கஷாயம் காய்ச்சட்டும். பரிசு என்ன வேண்டும், கேளும்."

"அந்த முரசை நிறுத்திவிடுங்கள். நீங்கள் வரும் நாள் எனக்கும் தெரியக் கூடாது."