வீட்டில் எத்தனை பேர்?

“சாமி, சின்ன மெஷின் வாங்கவா, பெரிய மெஷின் வாங்கவா?”

கோமதிநாயகம் வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

தோப்புச் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். புளியமரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

“என்ன மெஷின்?”

“பாத்திரம் கழுவுற மெஷின்.”

ஞானம் தேடி இங்கே வருகிறவர்கள் யாரும் ஞானத்தைப் பற்றிக் கேட்டதில்லை. மனைத் தகராறு, பையனுக்கு வேலை, மூட்டுவலி. சாமிக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது.

“வாங்குங்க. நல்லதுதான?”

“அதில்ல சாமி. அடுக்களைய இடிச்சுப் புதுசாக் கட்டுதோம். மேடைக்கு அடியில மெஷினுக்கு இடம் விடணும். சின்னதுன்னா ஒன்றரை அடி, பெரிசுன்னா ரெண்டு அடி. ஆசாரி அளவு கேட்டு உயிரை எடுக்கான்.”

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், இடித்துப் பார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

“கடையில என்ன சொன்னாங்க?”

“வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டான். மூணு பேருன்னேன். நான், அவ, பையன்.”

“சரி.”

“நான் வாயை மூடுததுக்குள்ள இவ நாலு பேருன்னுட்டா.”

கூட்டுகிற சத்தம் நின்றது.

கடைக்காரன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தானாம். ஒன்றும் வாங்காமல் திரும்பியிருக்கிறார்கள். ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

“நாலாவது ஆளு யாரு?”

“மகதான் சாமி. இந்துமதி.”

அந்தப் பெயரைச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

“எங்க இருக்காங்க?”

“தூத்துக்குடியில. வேத்துச் சாதிப் பையனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்கே தலைமுழுகிட்டேன். பேச்சுக்குச் சொல்லல. நெசமாவே ஆத்துல இறங்கி முங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.”

“ம்.”

“நாலு பேரு முகத்துல முழிக்கணும்லா?”

“மாப்பிள்ளை என்ன பண்ணுதாரு?”

“போன மாசியில செத்துட்டான். லாரி அடிச்சு. நான் போகல.”

போகவில்லைதான். ஆனால் சேதி வந்த அன்று அவருக்கும் சோறு இறங்கவில்லை. மகள் வெறும் நெற்றியோடு எங்கோ ஒரு வாசலில் நிற்பது கண்ணிலேயே நின்றது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடமும் சொல்லவில்லை.

“பிள்ள இருக்கா?”

“ஒரு பொம்பளப் பிள்ள. நடக்க ஆரம்பிச்சிட்டாம்.”

சாமி விளக்குமாற்றை மரத்தில் சாய்த்துவிட்டு விரலை மடக்கினார்.

“நீங்க, அம்மா, பையன். அப்புறம் மக, பேத்தி. அஞ்சுல்லா வருது?”

“பச்சப்பிள்ளைக்கு என்ன தட்டு? அதைச் சேத்திருக்க மாட்டா.”

“பேத்திய விட்டுட்டு ஆச்சி கணக்குப் போடுவாங்களா?”

“அவளுக்குக் கணக்கே வராது சாமி.”

“ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கு நல்லாத் தெரியுது. அம்மா சொன்ன நாலு பேரு யாருன்னுதான் தெரியல. கேட்டுட்டு வாங்க. அப்புறம் மெஷினப் பத்திப் பேசுவோம்.”

சாமி மறுபடி கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

பஸ் ஏறியபோது கோமதிநாயகத்துக்குச் சாமி மேல் எரிச்சல்தான் வந்தது. இதைச் சொல்ல ஒரு சாமி வேண்டுமா? ஆனால் போகப்போக மனசு இளகியது. மகளைக் கூட்டி வரத்தானே இவள் இந்தப் பாடு படுகிறாள். வந்துவிட்டுப் போகட்டுமே. புருஷனும் இல்லை. பெற்றவன் மன்னிக்காமல் வேறு யார் மன்னிப்பார்கள்?

இறங்குவதற்குள் முடிவே பண்ணிவிட்டார். பெரிய மெஷினாகவே வாங்கிவிடலாம். தன்னுடைய பெரிய மனசு தனக்கே பிடித்திருந்தது. மனசைத் திறக்க வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆட்களுக்குத் திறந்த அன்றைக்கு அப்படித்தான் இருக்கும்.

வீடெல்லாம் சிமெண்டு வாடை. மனைவி வடிவு புறவாசல் குழாயடியில் குத்தவைத்து, மதியத்துப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, கடையில நாலு பேருன்னியே. யாரு யாரு?”

இத்தனை நாள் கழித்துப் பேசுகிறாரே என்றுகூட அவள் நிமிரவில்லை.

“நான், பையன், இந்து, அவ பிள்ள.”

அவருக்கு முதலில் உறைக்கவில்லை. இன்னொரு பெயர் வரும் என்று நின்றுகொண்டிருந்தார். வரவில்லை.

“என்னைய விட்டுட்டியே.”

“அவ தின்ன தட்டையும் உங்க தட்டையும் ஒரே தண்ணியில கழுவக் கூடாதுன்னு சொன்னீங்கள்லா, அவ போன அன்னிக்கு?”

சொன்னார்தான். தெருவே கேட்கச் சொன்னார்.

“வெள்ளிக்கிழம நான் போய் அவளக் கூட்டிட்டு வாரேன். இனிமே இங்கதான் இருப்பா.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பார்.

“அதுக்குத்தாம்ளா நானும் சொல்ல வந்தேன். பெரிய மெஷினாவே வாங்கி...”

“வேண்டாம். நாலு பேருக்குச் சின்னதே போதும்னு ஆசாரிட்ட சொல்லிருங்க. உங்க தட்ட எப்பவும் போல நான் கையாலேயே கழுவித் தனியா வச்சிருதேன்.”