இறங்காத பெட்ரோல் முள்

உப்பு வியாபாரி சிங்கராயரின் பழைய காரில் பெட்ரோல் முள் எப்போதும் உச்சியிலேயே நிற்கும். டிரைவர் லூர்துசாமி டேங்குக்குள் பழுதாகிக் கிடந்த, முள்ளை நகர்த்தும் மிதவையைக் கழற்றிப் புதிது மாட்டினான். மறுநாள் முள் அடியில் கிடந்தது.

சிங்கராயர் கொதித்தார். "வருஷக்கணக்கா இறங்காத முள்ளு, நீ கை வச்சதும் இறங்குதே. பெட்ரோலை எங்கே வித்தே? ஒரு சொட்டும் ஊத்தாம முள்ளை மேலே ஏத்து. இல்லன்னா போலீசுதான்."

லூர்துசாமி பழைய மிதவையையே திரும்ப மாட்டினான். முள் உச்சிக்குப் போனது. முதலாளி திருப்தியாக ஏறி உட்கார்ந்தார். போகிற வழியில் உப்பளத்து நடுவே கார் நின்றுவிட்டது.

"என்னடா ஆச்சு?"

"பெட்ரோல் தீர்ந்துட்டு முதலாளி. ஆனா முள்ளு இறங்கல. நடுவழியில யாரு எடுத்தாங்கன்னுதான் தெரியல. வண்டியில நாம ரெண்டு பேருதான் இருக்கோம்."

சிங்கராயர் முள்ளையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "புதுசையே மாட்டுடா."

லூர்துசாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.