ஆடு கடித்த கிளை

பெரியவர்களும் கேட்கலாம், பிள்ளைகளும் கேட்கலாம். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கதை இல்லை.

அரசர்கள் யானை மேல் ஏறி ஊர் சுற்றிய காலத்தில், மருதங்காட்டில் செங்கோடன் என்று ஒருவர் செக்கு ஆட்டி வந்தார். வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் வைத்தார். வைத்தாரா, பெற்றாரா என்று கேட்கும்படி அதன் மேல் அவ்வளவு பாசம்.

காய்க்கத் தொடங்கிய முதல் வருஷம் மரம் நிறையக் கொடுத்தது. புதுத் துளிரில்தான் பிஞ்சு பிடிக்கும், நுனியைக் கழித்துவிடலாம் என்றாள் மனைவி பொன்னாத்தாள். பிள்ளையின் கையை வெட்டுவேனா என்று அவர் அரிவாளை ஒளித்து வைத்தார். இரண்டாம் வருஷம் பாதிதான் காய்த்தது. அப்போதும் அவள் சொன்னாள், அப்போதும் அவர் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் மரம் கூரைக்கு மேலே போய்விட்டது. பழம் எண்ணி ஏழு, அதுவும் கிளிக்கு. ஊருக்கே தெரிந்தது இந்த மனுஷனுக்குத் தெரியவில்லை!

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளின் ஆடு வேலி தாண்டி வந்து, தாழ்ந்த கிளை ஒன்றைக் கடித்து முறித்துவிட்டது. செங்கோடன் அழுதே விட்டார். முறிந்த இடத்தில் சாணம் அப்பினார், வேலியில் முள் அடைத்தார், இனி அந்த வீட்டோடு பேச்சில்லை என்றார். மனம் பொறுக்காமல் அந்தக் கிளைப் பக்கம் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

ஒரு மாதம் போயிற்று. அவருடைய மூன்று வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. காலையில் ஓடி விளையாடிய குழந்தை மதியம் துவண்டு கிடந்தது. வைத்தியர் வந்து பார்த்தார். கஷாயம் வைக்கக் கொய்யாக் கொழுந்து ஒரு பிடி உடனே வேண்டும், முற்றிய இலை உதவாது என்றார்.

நம்மிடம் இல்லாத கொழுந்தா என்று ஓடினார் செங்கோடன். முறிந்த கிளைப் பக்கம் போகாமலே தேடினார். எட்டின இலையெல்லாம் தோல் மாதிரி முற்றல். கொழுந்து உச்சியில் இருந்தது. ஏறினார், வழவழத்த மரம் வழுக்கியது. மறுபடி ஏறினார், மறுபடி வழுக்கியது. மூன்றாம் முறை விழுந்து முழங்கால் சிராய்ந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளையம்மாள் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, கோவத்தை அப்புறம் வச்சுக்குங்க. என் ஆடு கடிச்ச கிளையைப் பாருங்க."

பார்த்தார். சாணம் காய்ந்து உதிர்ந்த இடத்துக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், கொத்துக் கொத்தாக இளந்துளிர். ஒரு பிடி என்ன, மூன்று பிடி இருந்தது.

பொழுது சாய்வதற்குள் குழந்தை கண் திறந்து கஞ்சி கேட்டது.

மறுநாள் செங்கோடன் வேலி முள்ளைத் தன் கையாலேயே பிடுங்கினார். ஒளித்து வைத்த அரிவாளைத் தேடி எடுத்து மனைவியிடம் கொடுத்தார். அவள் கிளைகளைக் கழித்தபோது அவருக்குக் கண் கலங்கத்தான் செய்தது, ஆனால் தடுக்கவில்லை. கழித்த தழை அத்தனையும் அந்த ஆட்டுக்குப் போயிற்று.

ஆகவே கேட்டவர்களே, ஒன்றின் மேல் பாசம் வைத்தால் மட்டும் போதாது, அது நன்றாயிருக்க எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டவும் மனம் வர வேண்டும்.