குருணையின் ஓலையில் ஒரு வரி

வற்றி ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருந்த ஏரியின் நடுவே செங்கமலம் என்ற ஆள்காட்டிக் குருவி தன் குஞ்சு குருணையுடன் வாழ்ந்துவந்தாள். ஐப்பசி மழை வந்தால் ஏரி நிரம்பிவிடும். அதற்குள் குருணை பறக்கக் கற்றாக வேண்டும். அதனால் அவனைக் கரையிலிருந்த நாரை வாத்தியாரின் பள்ளியில் சேர்த்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் அவன்தான்.

ஒருநாள் குருணை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அம்மா, நாளையிலிருந்து எனக்குப் பறக்கும் வகுப்பு இல்லையாம். தலைப்பிரட்டைகளோட உட்காரணுமாம்!"

"ஏன்டா?"

"என் ஓலையில ஏதோ எழுதியிருக்காம்."

பள்ளிக்கூடத்தில் எப்படிப் பேசுவது என்றே செங்கமலத்துக்குத் தெரியாது. மறுநாள், கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாணவர்களைப் பற்றி வாத்தியார் எழுதும் ஓலைகளைக் காப்பவர் ஆமையார். ஓலைக்கட்டின் மேலேயே படுத்திருப்பார்.

"ஐயா, என் பிள்ளையோட ஓலையைப் பார்க்கணும்."

"பள்ளிக்கூடத்து ஓலை பள்ளிக்கூடத்துக்கே சொந்தம்! முதல்ல உனக்கு எழுத்துத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நீங்க படிச்சுச் சொல்லுங்க. ஓலை உங்களோடதாவே இருக்கட்டும். அதுல இருக்கிற பிள்ளை என்னோடதாச்சே!"

ஆமையார் சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அலுவலகம் மூடியாயிற்று!

செங்கமலம் நகரவில்லை. சற்று நேரம் கழித்து ஆமையார் மெல்லத் தலையை நீட்டினார்.

"வணக்கமுங்க!"

தலை உள்ளே போனது. உச்சி வெயிலில் மறுபடி எட்டிப் பார்த்தது.

"வணக்கமுங்க! சாப்பிட்டீங்களா?"

"எங்கே சாப்பிட விட்டே!"

மூன்றாம் முறை பசி தாங்கவில்லை. ஓலையை உருவிப் படித்தார். "குருணை. கேள்வி கேட்டால் பதில் இல்லை. அசைவும் இல்லை. மந்தம். போதுமா?"

செங்கமலத்துக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

"ஐயா, வாத்தியார் எப்படி நின்னு கேள்வி கேப்பார்?"

"வெயிலுக்கு முதுகைக் காட்டி, இறக்கையை விரிச்சு, கம்பீரமா!"

"அப்போ நிழல் பிள்ளைங்க மேல விழுமே! ஐயோ, நிழல் விழுந்தா பருந்துன்னு நினைச்சுக் கல்லு மாதிரி படுத்துக்கணும்னு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்! முட்டையை விட்டு வந்த அன்னைக்கே!"

பின்னால் வந்த நாரை வாத்தியார் இதைக் கேட்டுவிட்டார்.

"அப்படியா சேதி? பார்த்துவிடுவோம்!"

அவர் குருணையை அழைத்தார். இறக்கையை மடக்கினார். நிழல் மறுபக்கம் விழும்படி நின்றார்.

"குருணை! ஐப்பசி மழை எந்தத் திசையில் கூடும்?"

"கிழக்கே ஐயா! நாலு நாளா இதைச் சொல்லத்தான் காத்திருக்கேன்!"

நாரை வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். ஓலையிலிருந்த அந்த வரியைத் தானே அடித்துவிட்டு, குருணையைப் பறக்கும் வகுப்புக்கே அனுப்பினார்.

"ஆமையாரே, இனிமேல் பெற்றவங்க வந்து கேட்டா, உடனே எடுத்துக் காட்டுங்க."

"காட்டுறேன், காட்டுறேன்! சாப்பிட்டுட்டு வந்து!" என்று ஆமையார் தண்ணீரை நோக்கி ஓடினார். ஆமை ஓடியதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. செங்கமலத்தின் பக்கத்திலேயே, கொஞ்சம் தள்ளாடியபடி, குருணை தண்ணீருக்கு மேலே பறந்தான்.

பிள்ளையைப் பற்றி எழுதிவைத்ததைப் பார்க்கப் பெற்றவருக்கு உரிமை உண்டு. அதைத் தயங்காமல் கேட்டால்தான் அதிலுள்ள தவறு திருந்தும்.